மின்சாரம் நுழைந்த வழி

தொமோயே அந்த டிரைவை நாலாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தாள். மின்சாரம் உள்ளே போக அதில் வழியே இல்லை.

ஊர் உலகத்தில் எந்த ஃப்ளாப்பி டிரைவை எடுத்தாலும் முதுகில் இரண்டு வாசல் இருக்கும். அகலமானது பட்டைக் கம்பிக்கு. சேதி அதன் வழியாகப் போகும், வரும். பக்கத்தில் நாலு முள்ளோடு சின்னதாக ஒன்று இருக்கும், அது மின்சாரத்துக்கு. இந்தப் பீடைக்கு அகல வாசல் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு முள், இரண்டு வரிசை. மின்சார வாசலை வைக்க மறந்துவிட்டார்களோ என்று சந்தேகப்படும்படி அந்த இடம் மொட்டையாக இருந்தது. சாப்பாடே இல்லாமல் வேலை செய்கிற மெஷினை ஜப்பானில்கூட இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்பதுதான் மூன்று வாரமாக அவள் மண்டையைக் குடைந்தது.

சும்மா செருகிப் பார்த்துவிடலாமே என்றால், அந்தக் கூத்து ஏற்கெனவே நடந்துவிட்டது. ட்சுருஒகாவில் ஒரு பழைய சாமான் கடையின் ஜங்க் பெட்டியில், ஒரே பிளாஸ்டிக் பையில் இரண்டு டிரைவ்கள் கிடைத்தன. ‘ஓடுமா ஓடாதா என்று கேட்கக் கூடாது’ என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் டிரைவின் சர்க்யூட் பலகையில் எதையும் மாட்டாமல் காலியாக விட்டிருந்த இரண்டு ஈயப் பொட்டுகளைப் பார்த்து, இதுதான் வாசல் என்று முடிவு கட்டினாள். இருபத்தெட்டு வருடம் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு வருகிற திமிர் அது. கம்பியைப் பற்றவைத்து மின்சாரம் கொடுத்தாள். கருகிய வாடை வந்தது, கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். இப்போது மிஞ்சியிருப்பது இந்த ஒன்று. இந்த அளவு டிரைவை இதைச் செய்த கம்பெனி இரண்டு வருடம்தான் செய்தது. அதன்பின் கை கழுவிவிட்டது. இது போனால் இன்னொன்று கிடைக்காது.

டிரைவ் போனால் போகட்டும். அதற்குள் போக வேண்டிய டிஸ்க் மேஜை இழுப்பறையில் இருந்தது. மூன்று விரல் அகலம்தான் இருக்கும். வேறு எந்த டிரைவிலும் நுழையாது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில், பெண்பிள்ளைகளுக்கே உரிய உருண்டைக் கையெழுத்தில் ‘தொமோ, நாகி. பதினாலு’ என்று எழுதியிருந்தது. தொமோ இவள். நாகி என்பது நாகிசா. பதினாலு என்பது அவர்களுடைய பதினாலாவது டிஸ்க்.

பள்ளிக்கூடத்துப் பெண்கள் மாற்றிக்கொள்கிற நாட்குறிப்பு அது. ஒருத்தி எழுதித் தருவாள், மற்றவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தன் பங்கை எழுதித் திருப்பித் தருவாள். ஊரெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது. நோட்டு என்றால் அம்மாக்கள் படித்துவிடுவார்கள். தொமோயேவின் அப்பா விவசாயச் சங்கத்துக் கடிதங்கள் அடிப்பதற்காக ஒரு வாப்புரோ வாங்கியிருந்தார். திரை, தட்டச்சு, பிரின்டர் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கிற மெஷின். நாகிசா வீட்டிலும், என்ன அதிர்ஷ்டமோ, அதே கம்பெனி, அதே மாடல். சகாத்தா ஊரிலேயே அந்தச் சின்ன டிஸ்க் நுழைகிற வீடுகள் அந்த இரண்டுதான் என்று இருவரும் நம்பினார்கள். எந்த அம்மாவாலும் திறக்க முடியாது. அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: படித்தவள் பதில் எழுதாமல் திருப்பித் தரக் கூடாது.

தொண்ணூற்றொன்றாம் வருடம் பிப்ரவரி கடைசியில் நாகிசாவின் அப்பாவுக்கு எங்கோ தூரத்து மாயெபாஷிக்கு மாற்றல் வந்தது. மார்ச் கடைசியில் கிளம்ப வேண்டும். நாகிசா அதை ஒரு மாதம் மறைத்து வைத்திருந்தாள். ஊரைவிட்டுக் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது வேறு யாரோ சொல்லித்தான் தொமோயேவுக்குத் தெரிந்தது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனுக்குப் போனாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி கிளம்பும்போது நாகிசா கைக்குட்டையில் சுற்றிய டிஸ்க்கை அவள் கோட்டுப் பையில் திணித்தாள். “கண்டிப்பாப் படிடி” என்றாள். அதற்கும் தொமோயே வாயைத் திறக்கவில்லை.

படிக்கவும் இல்லை. படித்தால் பதில் எழுத வேண்டும். எழுதினால் கோபம் போய்விடும். கோபம் போய்விட்டால் அவளைத் தண்டிக்க வேறு எதுவும் கையில் இல்லை. பதினாறு வயதின் கணக்கு அது. முதலில் அவள் கடிதம் போடட்டும், அப்புறம் படிக்கிறேன் என்று வைராக்கியமாக இருந்தாள். கடிதம் வரவில்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. அதற்குள் டிசம்பரில், கடலிலிருந்து பனியோடு வருகிற இடியில் வாப்புரோ செத்துப்போனது. அப்பா அடுத்து வாங்கிய மெஷின் வேறு கம்பெனி. அந்த டிஸ்க்கை வைத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கக்கூட முடியாது, அவ்வளவு சின்னது.

முப்பத்துமூன்று வருடம் ஓடிவிட்டது. தொமோயே கல்யாணம் செய்துகொண்டாள். புருஷன் கியோதகா நகராட்சிக் குடிநீர் ஆபீசில் வேலை பார்க்கிறான், அவளைவிட இரண்டு வயது இளையவன், நல்லவன், சமையல் அவன் பொறுப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்டேஷன் பக்கம் வேனை ஓட்டிப்போகும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை அடைக்கும். அதைக் கோபம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். முன்வருடம் வகுப்புத் தோழர்கள் கூடியபோது, நாகிசா தகாசாகியில் தனியாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துவதாகச் சொல்லி ஒருத்தி நம்பரும் கொடுத்தாள். தொமோயே அதைப் போனில் பதிந்துகொண்டாளே தவிரக் கூப்பிடவில்லை. என்னவென்று கூப்பிடுவது? கைகழுவிவிட்டுப் போனவள் அவள். அவளுக்கு அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று தெரியும், இவளுக்குத் தெரியாது. படிக்காமல் பேசப் போனால் வாசலிலேயே தோற்றுப்போகிற மாதிரி இருந்தது. திட்டியிருந்தாலும் சரி, மன்னிப்புக் கேட்டிருந்தாலும் சரி, அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி இருக்க முடியாது என்று இந்த இலையுதிர்காலத்தில்தான் தோன்றியது.

கியோதகா ஆரம்பத்தில் கேலி செய்துகொண்டிருந்தான். இந்தப் பெட்டியைப் பார்க்கிற பார்வையில் பாதியை என்மேல் காட்டியிருந்தால் நான் பத்து வருடம் முன்னாலேயே குண்டாகியிருப்பேன் என்றான். முதல் டிரைவ் புகைந்தபோது, இன்றைக்குக் கருவாடு நான் சுடவில்லையே என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கேலியைக் குறைத்துக்கொண்டான்.

தொமோயேவின் வேலை, சாலையோரத்தில் நிற்கிற அரிசி தீட்டும் கூண்டுகளைப் பராமரிப்பது. காசு போட்டால் தவிட்டரிசியைத் தீட்டித் தருகிற கூண்டுகள். புது அரிசி வந்திறங்கும் அக்டோபரில் அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்தச் சனிக்கிழமை யுசாவுக்குப் போகிற வழியில் ஒரு கூண்டு காசை விழுங்கிவிட்டு அரிசியைத் தீட்டாமல் நின்றது. முன்னால் மூன்று பேர் மூட்டையோடு காத்திருந்தார்கள். காசுப்பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள். வரிசையில் நின்ற பாட்டையா ஒருவர், அம்மாவுக்கு மயக்கமா என்று கேட்டார்.

காசுப்பெட்டிக்கும் மின்சார வாசல் கிடையாது. அதற்குள் ஒரு விளக்கு எரிகிறது, ஒரு சின்ன மோட்டார் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கம்பிக்கட்டுதான். எத்தனை காசு விழுந்தது என்ற சேதியும் அதில்தான் போகிறது, மோட்டாருக்கான மின்சாரமும் அதிலேயே வருகிறது. ஒற்றைக் கம்பி மோட்டாரைத் தாங்காது என்பதால் மூன்று கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இருபத்தெட்டு வருடமாக வாரம் இரண்டு தடவை அவள் கையாலேயே பிடித்துச் செருகுகிற கட்டு. டிரைவுக்கு வாசல் எங்கே எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தவள், திறந்து கிடக்கிற கதவைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தாள். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒரே கம்பியைத் தொட்டால் பீப் என்று கத்தும்படி வைத்துக்கொண்டாள். ஒரு முனையை டிரைவின் இரும்புச் சட்டத்தில் வைத்து, மறுமுனையால் முள் முள்ளாகத் தொட்டுக்கொண்டே போனாள். கத்துகிறவை எல்லாம் எர்த். ஒரு வரிசையில் பத்து முள் கத்தின. அந்த வரிசையில் கத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் மூன்று இருந்தன.

பலகையில் மோட்டாருக்குப் பக்கத்தில் குட்டி டப்பா ஒன்று நின்றது. உள்ளே வருகிற மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராக விடுகிற கண்டென்சர். மின்சாரம் எந்த வழியாக நுழைந்தாலும் அதைத் தொடாமல் போக முடியாது. மீட்டரின் ஒரு முனையை அதன் பிளஸ் காலில் வைத்தாள். மறுமுனையை அந்த மூன்று முள்ளில் முதலாவதில் வைத்தாள்.

பீப்.

இரண்டாவது, பீப். மூன்றாவது, பீப்.

வழி தெரிந்தது. அளவு தெரிய வேண்டும். அந்தக் காலத்து டிரைவுகள் சில ஐந்து வோல்ட் கேட்கும், சில பன்னிரண்டு கேட்கும். ஐந்து கேட்பதற்குப் பன்னிரண்டு கொடுத்தால் இரண்டாவது கருவாடு. பூதக்கண்ணாடி வைத்து அந்தக் குட்டி டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். அழிந்தும் அழியாமலும் ஒரு எண் இருந்தது: 6.3. அதற்குமேல் கொடுத்தால் தாங்காது என்று அர்த்தம். பன்னிரண்டு வருகிற இடத்தில் ஆறு தாங்குகிற சாமானை எந்த மடையனும் வைக்க மாட்டான். ஐந்துதான்.

கியோதகா முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவன், கத்தியோடு வந்து பின்னால் நின்றான்.

“நெசமாவே தெரிஞ்சிடுச்சா, இல்ல போன தடவ தெரிஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கா?”

“பேசாம நில்லு கியோ.”

அவளிடம் ரிப்பேர்க்காரர்களின் பழைய தந்திரம் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு டார்ச் பல்பை வைத்து மின்சாரம் கொடுப்பது. உள்ளே எங்காவது தப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், மெஷின் பிழைக்கும். முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம். அவசரம் யாரை விட்டது. கம்பியைத் தொட்டாள். பல்பு லேசாகச் சிவந்தது, பிறகு அணைந்தது. தப்பில்லை. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தாள்.

டிரைவுக்குள் ஏதோ ஒன்று டக்கென்று நகர்ந்து தன் இடத்துக்குப் போய் நின்றது. பிறகு சன்னமான ஒரு உறுமல். மோட்டார் சுற்றியது. தொமோயே இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள். பதினாறு வயதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் காதில் விழுந்த அதே சத்தம். நாகிசா என்ன எழுதியிருப்பாளோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்த சத்தம். அழுகை வந்தது, அழுதாள். கியோதகா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தான்.

மற்ற முள்களில் எது எந்தச் சேதிக்கு என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. அது பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆபத்தான வேலை இல்லை. சேதிக் கம்பி மாறிப்போனால் டிரைவ் பேசாமல் இருக்கும், சாகாது. பட்டைக் கம்பியிலிருந்து அந்த மூன்று இழைகளை மட்டும் பிரித்து மின்சாரத்தில் சேர்த்தாள், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்தாள். அந்தக் கம்பெனியின் எழுத்துகளை இந்தக் காலத்து எழுத்தாக மாற்றுகிற புரோகிராம் ஒன்றை ஃபுகுவோகாவில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். அடுத்த ஞாயிறு மத்தியானம், டிஸ்க்கைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினாள்.

பழைய பக்கங்கள் வரிசையாக வந்தன. கணக்கு வாத்தியாரின் விக், யாருக்கு யார்மேல் கண், எந்தக் கடை பன்னில் இனிப்பு அதிகம். தன்னுடைய பகுதிகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். கடைசிப் பக்கம் வந்தது. மார்ச் இருபத்தொன்பது என்று தேதி போட்டிருந்தது.

‘தொமோ, நீ இதப் படிக்கிறன்னா ஒன் கோவம் ஆறிடுச்சுன்னு அர்த்தம். ஆறாம இருந்தா படிக்க மாட்ட, எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மாற்றல் வந்தது நெசம். ஆனா அவரு மட்டும் தனியாத்தான் போறதா இருந்தாரு, எல்லா அப்பாவும் போற மாதிரி. நானும் வர்றேன்னு அடம் பிடிச்சது நான்தான். இங்கேயே இருந்தா ஒருநாள் ஒங்கிட்ட சொல்லிடுவேன். பக்கத்துல நீ குனிஞ்சு டைப் அடிக்கிறப்ப எனக்கு மூச்சு முட்டுது. இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியுமான்னுதான் தெரியல. சொல்லிட்டு ஒம்மூஞ்சியப் பாக்குற தைரியம் எனக்கு இல்ல, அதான் போயிட்டு சொல்றேன்.

மே மூணாந்தேதி லீவுல வர்றேன். ஒண்ணு பத்து வண்டி. இந்த டிஸ்க்க எடுத்துக்கிட்டு பிளாட்பாரத்துல நில்லு. அதுல நீ என்ன எழுதியிருந்தாலும் சரி. நீ வரலன்னா அதுவே பதில். அதுக்கப்புறம் ஒன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன். கோவிச்சுக்கவும் மாட்டேன், சத்தியமா.’

அதற்குக் கீழே எதுவும் இல்லை.

தொமோயே இரண்டாவது தடவை படித்தாள். தன்னைக் கைகழுவிவிட்டுப் போனாள் என்று அவள் யாரை முப்பத்துமூன்று வருடம் கருவிக்கொண்டிருந்தாளோ, அவள் பதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பதிலைக் கொடுத்தது இவள்தான். டிஸ்க்கை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய அந்த ஒரு மாதத்தில், தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லாமல், மாட்டேன் என்று சொல்லி முடித்திருக்கிறாள்.

கியோதகா எதிரே உட்கார்ந்து பட்டாணிக்காய் உரித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினான். என்ன, திட்டியிருக்கிறாளா என்று கேட்டான்.

“இல்ல. ஒண்ணு கேட்டிருக்கா. வரச் சொல்லியிருக்கா. நான் போகல.”

அவன் திரையைப் பார்க்க முயலவில்லை. மெதுவாகக் கேட்டான்.

“அன்னிக்கே படிச்சிருந்தா போயிருப்பியா?”

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடம் கோபம் என்று தான் பேர் வைத்திருந்ததற்கு வேறு பேர் இருக்கிறது என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. கோபம் இத்தனை வருடம் தாங்குகிற சாமானே இல்லை.

“ஓடியிருப்பேன் கியோ.”

அவன் உரித்த காய்களைக் கிண்ணத்தில் போட்டான். கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

“அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது? நம்பர்தான் வச்சிருக்கியே. நான் போயி தோஃபு வாங்கிட்டு வர்றேன்.”

தோஃபு நேற்றே வாங்கியாயிற்று. இரண்டு பேருக்கும் அது தெரியும். வாசற்கதவை அவன் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அவனை நினைத்தும் அவளுக்கு வலித்தது. இருந்தாலும் கை போனைத் தேடி எடுத்தது.

நாலாவது மணியில் நாகிசா எடுத்தாள். கடைக்காரியின் பழகிய குரலில், யார் பேசுவது என்று மரியாதையாகக் கேட்டாள். தொமோயே தன் பேரைச் சொன்னாள். மறுமுனையில் கடிகாரமோ எதுவோ ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

“நாகி, நான் இன்னிக்குத்தான் படிச்சேன். அன்னிக்குப் படிக்கல. சத்தியமாப் படிக்கல. வீம்பு பிடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

தொமோயே விடாமல் பேசினாள். மே மூன்றாம் தேதி தான் எங்கே இருந்திருப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரம் வீட்டில் யாரையும் அப்பா வேறு எங்கும் விட மாட்டார். நாற்று வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அவர்கள் நிலத்தை ஒட்டித்தான் தண்டவாளம்.

“நான் வயல்லதான் இருந்திருப்பேன். நீ வந்த வண்டி என்னத் தாண்டித்தான் போயிருக்கும்.”

“தெரியும்” என்றாள் நாகிசா. “ஜன்னல்லேர்ந்து ஒன்னப் பாத்தேன். நீலப் பைப்ப வச்சுத் தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்த. நீ ஸ்டேஷன்ல இல்லன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. இருந்தாலும் எறங்கி, அஞ்சு மணி வண்டி வர்ற வரைக்கும் நின்னேன்டி.”

அதற்குமேல் வெகு நேரம் இருவரும் பேசவில்லை. இருவரும் போனை வைக்கவும் இல்லை.